சிவமணியின் வெள்ளை வைன்

"அது என்ர போத்தல். பிள்ளை எனக்கெண்டு—"

"பிள்ளை வீட்டுக்குத்தான் கொண்டு வந்தது. உமக்கெண்டு தனியா ஒண்டும்—"

"என்ர கையிலதான் தந்தவள். அம்மா, இது உங்களுக்கு எண்டு சொல்லித்தான் தந்தவள். நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்."

"நிண்டனான்தான். அவள் சொன்னது வேற. எல்லாரும் சேர்ந்து குடியுங்கோ எண்டு—"

"எல்லாரும் எண்டால் ஆர்? றேமண்டின்ர பேரும் சொன்னவளோ?"

"இஞ்சேரும், கொஞ்சம் மெல்லக் கதையும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போகுது."

"கேக்கட்டும். இந்த வீட்டில எனக்கெண்டு இருக்கிறது ஒரு போத்தல், அதையும் போயா நாளில தானம் குடுக்கப் பாக்கிறீங்கள் எண்டு அவையளுக்கும் தெரியட்டும்."

தியாகராசா பிரிட்ஜின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவமணி போத்தலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தே கிடந்ததால் பிரிட்ஜ் தன் பங்குக்குக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. சண்டையை இருவரும் வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். மாற்றாததற்குக் காரணம் வெயில்தான். வெள்ளவத்தையில் அந்த மத்தியானம் அடித்த வெயிலுக்கு, பிரிட்ஜுக்குள்ளிருந்து வரும் காற்றை விட்டுப்போக இருவருக்கும் மனம் வரவில்லை.

சண்டை வந்தது தியாகராசா விட்ட ஒரு பிழையால். சித்திரை வருசத்துக்கு ஞாயிறும் திங்களும் சாராயக் கடைகள் பூட்டு என்பது அவருக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை காலையிலேயே வாங்கிவிடுவது என்று யோசித்து வைத்திருந்தார். அந்தச் சனிக்கிழமையிலேயே பௌர்ணமி வந்து குந்தியிருப்பதை மட்டும் பார்க்கவில்லை. துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காலி வீதிக்குப் போனவர், கடையின் இரும்புக் கதவு கீழே வரை இழுத்து மூடியிருப்பதைக் கண்டு நின்றிருக்கிறார். பக்கத்தில் முச்சக்கர வண்டிக்குள் காலை நீட்டிப் படுத்திருந்த ஓட்டுநர் எழும்பாமலே, "அங்கிள், அத போய நே" என்றிருக்கிறார். இன்று போயா என்பது அப்போதுதான் தியாகராசாவுக்கு உறைத்தது. போயா நாளில் நாடு முழுவதும் ஒரு சொட்டு விற்கக் கூடாது. வெறும் பையோடு திரும்பி வந்தார்.

பின்னேரம் நண்பர்கள் வருவார்கள். சனிக்கிழமைப் பின்னேரம் என்றால் தியாகராசா வீட்டுப் பல்கனி என்பது, அவரும் றேமண்டும் துறைமுகத்தில் ஒரே கந்தோரில் வேலை பார்த்த காலத்திலிருந்து வரும் வழக்கம். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு போத்தல். மகள் சாம்பவி தைப்பொங்கலுக்கு ஒக்லாந்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த வெள்ளை வைன். கீரைக் கட்டுக்களுக்கும் தேசிக்காய்ப் பைக்கும் அடியில், பழைய பேப்பரில் சுற்றி, சிவமணி அதைக் குளிர வைத்திருந்தாள்.

"இதை என்னத்துக்கு வைச்சிருக்கிறீர்? முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கவோ?" என்றார் தியாகராசா.

"நான் திறக்கக் கேட்ட நேரமெல்லாம் நீங்கள் என்ன சொன்னீங்கள்? தக்கை கழட்டுற சாமான் இல்லை, பிறகு பாப்பம் எண்டனீங்கள்."

"இல்லைத்தானே."

"இண்டைக்கு மட்டும் எங்கயிருந்து வந்தது?"

"ஸ்குரூட்ரைவரால உள்ளுக்குத் தள்ளிவிடுவன். சிநேகிதருக்கு எண்டால் ஏதோ ஒரு வழி பாக்கத்தானே வேணும்."

அந்த வார்த்தை சிவமணிக்குச் சுட்டது. தை முழுவதும், மாசி முழுவதும், பங்குனி முழுவதும் அவள் கேட்டாள். தக்கை கழற்றும் சாமான் தேடிக் காலி வீதியில் கடை ஏறி இறங்கினாள். ஒரு கடையில் அவளுக்குப் போத்தல் கழுவும் பிரஷ் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் போனில், "அம்மா, குடிச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேட்பாள். "வெயில் ஏறட்டும் பிள்ளை" என்று இவள் சொல்லுவாள். வெயில் ஏறிச் சுவரெல்லாம் சுட்டது. போத்தல் மட்டும் கீரைக்கு அடியில் கிடந்தது.

"சரி," என்றார் தியாகராசா, குரலைத் தாழ்த்தி. "உமக்குக் குடிக்க ஆசை எண்டால் நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. முதல் கிளாஸை ஊத்திக் குசினிக்குக் கொண்டுவந்து தாறன். பொரிச்சுப் பொரிச்சுக் குடியுமன்."

"குசினிக்கோ?"

"வேற எங்க?"

சிவமணி போத்தலின் கழுத்தை விட்டாள். பிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். கீச்சொலி நின்றது. வீடு திடீரென்று சூடாகியது.

அவள் கேட்டது பெரிய விசயம் ஒன்றுமில்லை. அந்த வைனின் முதல் மிடறை, கடற்காற்று வரும் பல்கனியில், கதிரையில் இருந்துகொண்டு குடிக்க வேண்டும். எழும்பாமல் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்டால் சின்ன ஆசைதான். ஆனால் அந்தப் பல்கனியில் சனிக்கிழமைப் பின்னேரம் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. ஆண்கள் குடிக்க இருந்தால் பெண்கள் பைட்ஸ் பொரிக்க வேண்டும். பைட்ஸ் என்றால் குடியோடு கொறிக்கிற கணவாய்ப் பொரியல், கடலை, மிளகாய் பிரட்டிய ஈரல் என்று எதுவும். வெள்ளவத்தையில் எந்த வீட்டு மாடிக்கும் சனிக்கிழமை ஏறிப் பார்க்கலாம், ஆட்கள் மாறுவார்கள், குந்துகிற இடம் மாறாது. கலியாண மண்டபங்களில் கூட ஆண்கள் கார் நிற்கும் பக்கம் போவார்கள், யாரோ ஒருத்தி கடலைப் பொட்டலம் அனுப்புவாள். சிவமணி எத்தனையோ பீங்கான் கணவாய் பொரித்திருக்கிறாள். உப்புப் பார்க்க ஒரு துண்டு நின்றபடி வாயில் போட்டிருக்கிறாள். அதோடு என்னத்தைக் குடித்தால் என்ன மாதிரி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

தெரியாத ஒன்றைத் தெரியாமலே விட்டுவிடுகிற ஆளல்ல அவள். பென்சனுக்கு முதல் அவள் வேலை பார்த்தது தேயிலை ஏலத் தரகர் கந்தோர் ஒன்றில், தட்டச்சுப் பிரிவில். மேல்மாடியில் ருசி பார்ப்பவர்களின் அறை. வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். அவர்கள் கரண்டியால் எடுத்து உர்ரென்று உறிஞ்சுவார்கள், வாய்க்குள் சுழற்றுவார்கள், துப்புவார்கள், ஒரு சொல் சொல்லுவார்கள். அந்தச் சொல்லைக் கீழே இருந்து அவள் தட்டச்சில் அடிப்பாள். பிரைட். கலரி. பிரிஸ்க். ஒருநாள் மாடிக்குத் தாள் கொண்டுபோனபோது பொறுக்க முடியாமல், "சேர், பிரிஸ்க் எண்டால் என்ன?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, "அது குடிச்சுப் பாத்தால்தான் விளங்கும், மிஸ்" என்றார். குடித்துப் பார் என்று ஒரு கோப்பையைத் தர அவருக்குத் தோன்றவில்லை. கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. பிறகு வருசக்கணக்காக அந்தச் சொல்லை அடித்துக்கொண்டே இருந்தாள்.

நாலு மணிபோல் மக்கீன் முதலில் வந்தார். காலி வீதியில் சப்பாத்துக் கடை வைத்திருந்து, இப்போது மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். குடிக்கமாட்டார். கதைக்கவும் கணவாய்க்கும் வருகிறவர். வரும்போது வெறுங்கையோடு வந்ததில்லை. அன்று வருசத்துக்கென்று ஒரு பெட்டி மஸ்கட் கொண்டுவந்தார், நெய் மினுங்க, முந்திரிப்பருப்புப் பதித்த இனிப்பு.

"தங்கச்சி, இது வீட்டில கிண்டினது. பொண்சாதி செல்லி அனுப்பினா, சூட்டோட குடுங்கோ எண்டு."

"இந்த வெயிலுக்கு ஆறாது நானா, அப்பிடியே சூடாத்தான் இருக்கும்," என்றாள் சிவமணி.

கொஞ்சம் பொறுத்து றேமண்ட் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்தார். சேர்ட்டு முதுகில் ஒட்டியிருந்தது. வந்த உடனேயே கையை விரித்தார்.

"எங்கட பக்கமும் சரிவரேல்ல மச்சான். பின்கதவால தாறவனும் இண்டைக்குச் சில் விரதம் எடுத்துப் புத்த கோயிலுக்குப் போயிட்டானாம்."

"நிஸாமிட்ட ஒண்டு இருக்கும்," என்றார் தியாகராசா, சனிக்கிழமைகளில் வரும் நாலாவது ஆளை நினைத்துக்கொண்டு.

"நிஸாம் நுவரெலியாவில குளிருக்க போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். இந்த ஏப்ரலில கொழும்பில நிக்கிறது நாங்க மூண்டு மடையனுகள்தான்."

"இரும், இரும். முதல்ல இனிப்பை எடும். என்னட்ட ஒரு சாமான் இருக்கு."

குசினி யன்னல் பல்கனிக்குத்தான் திறக்கும். சிவமணி தாச்சியில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். பார்க்க முடியாது, எல்லாம் கேட்கும். பிரிட்ஜ் திறந்து மூடியதும், பேப்பர் கிழிபட்டதும் கேட்டது. அவளுடைய கை மாவில் கணவாயைப் பிரட்டியது, காது பல்கனியில் இருந்தது.

"இதென்ன மச்சான், பச்சைத் தண்ணி மாதிரி நிறம்."

"வைன். என்ர மகள் கொண்டு வந்தது. பொறும், தக்கையைத் தள்ளவேணும். ஸ்குரூட்ரைவரைப் பிடியும்."

"எங்க தள்ளுறது? இரும்பு மாதிரி ஈக்குதே."

"மேல இருக்கிறது உறை, மக்கீன். உறையைக் குத்திக் கிழிச்சால் உள்ளுக்குத் தக்கை தெரியும்."

கரக் கரக்கென்று சத்தம். றேமண்ட் கையைக் குத்திக்கொண்டார் போல, ஒரு கெட்ட வார்த்தை பாதியில் நின்றது. பிறகு மக்கீனின் குரல்.

"தியாகராசா, நான் குடிக்காத ஆள். ஆனாலும் கேக்கிறன். இது முறுக்கிற மூடியெல்லா? சோடாப் போத்தல் மாதிரி ஓரத்தில வெட்டு ஈக்கி."

கிறுக்கென்று ஒரு சத்தம். அவ்வளவு சுலபமாக.

குசினியில் சிவமணி கரண்டியைக் கீழே வைத்தாள். தை, மாசி, பங்குனி. தக்கை என்று ஒன்று இருக்கவே இல்லை. அவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை, தனக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டு வைன் என்றால் தக்கைதான் என்று அவர் சொன்னதை அவளும் அப்படியே நம்பியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. எண்ணெய் காய்ந்துவிட்டதால் இரண்டையும் வைத்துவிட்டுக் கணவாயைப் போட்டாள்.

"சியேர்ஸ்."

"சியேர்ஸ் மச்சான்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் குடிக்கக் காத்திருந்ததை வேறு யாரோ குடிக்கிறார்கள், என்ன சொல்லப்போகிறார்கள். அந்த நேரம் அவளுக்குப் பொறாமையை விட அதை அறிகிற ஆவல்தான் கூட இருந்தது.

"ஐயோ," என்றார் றேமண்ட். "இது திரும்பிட்டுது மச்சான். சரியான புளி. வினாகிரி."

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. கனநாள் வைச்சால் பழுதாப் போகும்தானே. நான் அப்பவே சொன்னனான்."

எப்போது சொன்னாராம், என்று சிவமணி தாச்சியைக் கேட்டாள்.

"எங்க வீட்ல நத்தாருக்கு வைன் போடுறது உமக்குத் தெரியும்தானே. உலர்ந்த முந்திரிகைப் பழம், சீனி, கறுவா எல்லாம் போட்டு மண்சாடியில கட்டி வைப்பம். அது வைன். சும்மா தேன் மாதிரி இறங்கும். இது பல்லைக் கூசுது."

"கொஞ்சம் ஜிஞ்சர் பியர் விட்டுப் பாப்பமோ?"

"விடுங்க."

ஜிஞ்சர் பியர் புஸ்ஸென்று திறபட்டது.

"இப்ப ரெண்டும் பழுதாப் போச்சு," என்றார் றேமண்ட்.

"நான் ஒண்டு செல்லவா?" என்றார் மக்கீன். "புளி கூடினா சீனி போடுறதுதானே. ஊட்டில எல்லாத்துக்கும் அதுதான்."

"சரியான கதை. கிளாசில போட்டால் கரையாது. போத்தலுக்கே போட்டுக் குலுக்கி வைப்பம். மணி, சீனிப் போத்தலை ஒருக்காக் கொண்டு வாரும்."

சிவமணி அடுப்பை நிற்பாட்டினாள். ஒரு கையில் பொரித்த கணவாய்ப் பீங்கான், மறுகையில் எண்ணெய் வடியும் கரண்டி. அப்படியே பல்கனிக்கு வந்தாள்.

"சீனி எங்க?" என்றார் தியாகராசா.

"போத்தலைத் தாங்கோ."

"இது பழுதப்பா."

"பழுதெண்டால் எனக்குத் தாங்கோ. வினாகிரி எண்டால் நான் அச்சாறு போடுறன். சீனி போட்டால் அதுக்கும் உதவாது."

பீங்கானை மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள், அவர் கொடுத்தார். பழுதான சாமானுக்கு யார் சண்டை பிடிப்பார்கள். போத்தலில் முக்கால்வாசி இருந்தது. பச்சைக் கண்ணாடிக்கு மேல் பனித்துளி கட்டி, விரல் பட்ட இடத்தில் வழிந்தது. சிவமணி குசினிக்குப் போனாள். மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த நீளக் கால் கிளாஸ் ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்தாள். கால்வாசி ஊற்றினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். நிறமென்று சொல்லவும் முடியாது, நிறமில்லையென்று சொல்லவும் முடியாது. வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி. இங்கேயே ஒரு மிடறு குடித்துப் பார்த்தால் என்ன, யாருக்கும் தெரியாது. கிளாஸ் வாய்க்குக் கிட்டவும் வந்துவிட்டது.

நின்றாள். பிறகு கிளாஸோடும் போத்தலோடும் திரும்பிப் பல்கனிக்குப் போனாள். நிஸாம் இருக்கிற கதிரை, கடல் பக்கம் பார்த்தபடி வெறுமனே கிடந்தது. அதில் இருந்தாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இதிலயோ இருக்கப்போறீர்?" என்றார் தியாகராசா.

"கதிரை சும்மாதானே கிடக்கு."

மக்கீன் மேசை விசிறியை அவள் பக்கமும் காற்று வருகிற மாதிரித் திருப்பிவிட்டார். கீழே ரெயில் பாதைக்கு அப்பால் கடல் வெயிலில் வெள்ளித் தகடாகக் கிடந்தது. பாணந்துறைப் பக்கம் போகிற ரெயில் ஒன்று கடந்துபோய், அதன் காற்று மாடிவரை ஏறியது.

சிவமணி முதலில் மணந்து பார்த்தாள். புளி மணமில்லை. பச்சை மணம். புல்லு வெட்டிய இடத்தில் மழை பெய்தது போலவும், பாஷன் பழத்தை உடைத்தது போலவும் இருந்தது. வினாகிரி மூக்கில் குத்தும், இது குத்தவில்லை. பிறகு, தேயிலைக்காரர் செய்கிற மாதிரி கொஞ்சம் சத்தத்தோடு உறிஞ்சி, விழுங்காமல் வாயில் வைத்திருந்தாள். தியாகராசா முகத்தைச் சுளித்தார். அவள் கண்ணை மூடியிருந்ததால் அது அவளுக்குத் தெரியாது.

குளிர்தான் முதலில் வந்தது. பிறகு புளி, நாக்கின் இரண்டு பக்கமும் கூசி வாய் ஊறியது. இனிப்பு வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வரப்போவதில்லை என்று விளங்கிய பிறகு, அந்தப் புளிக்கு உள்ளே வேறு என்னவெல்லாமோ இருப்பது தெரிந்தது. விழுங்கினாள். வாய் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெயில் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது.

"என்ன?" என்றார் தியாகராசா. "வினாகிரிதானே?"

"பொறுங்கோ."

ஒரு துண்டு கணவாயை எடுத்தாள். சூடு, உப்பு, மிளகாய், மேலே பிழிந்த தேசிக்காய். மென்றாள். அதன் மேல் இன்னொரு மிடறு. இப்போது அவள் கண்ணைத் திறந்து கிளாஸை உற்றுப் பார்த்தாள். எண்ணெய் எங்கேயோ போய்விட்டது. கணவாய்க்கு இனிப்பு வந்துவிட்டது. நாக்கு அடுத்த துண்டைக் கேட்டது.

"பிரிஸ்க்," என்றாள்.

"என்னது?"

"ஒண்டுமில்லை. அந்தக் காலத்தில அடிச்ச ஒரு சொல்லு."

"தங்கச்சி," என்று மக்கீன் கதிரையை இழுத்துப் போட்டார். "இவங்க ரெண்டு பேரும் வினாகிரி எண்டு செல்றாங்க. உங்கட முகத்தைப் பாத்தா அப்பிடித் தெரியல்ல. நான் குடிக்கப்போறதில்ல. ஆனா என்ன மாதிரி ஈக்கி எண்டு தெரியாம ஊட்டுக்குப் போனா நித்திரை வராது. செல்லுங்க."

குடிக்காத ஒருவருக்குக் குடியின் ருசியைச் சொல்லவேண்டி வரும் என்று சிவமணி நினைத்திருக்கவில்லை. யோசித்தாள்.

"புளிதான் நானா. ஆனா பழுதான புளி இல்லை. காயின்ர புளி."

"மாங்காயா?"

"மாங்காய்க்குக் கொஞ்சம் கிட்ட. அதைவிட மெல்லிசு."

"அம்பரெல்லா? காலிமுகத்தில உப்புத்தூள் போட்டு விக்கிறது."

"ஓம், அதில கொஞ்சம். மணம் மட்டும் பாஷன் பழம். ஆனா பழம் தின்னுறம் எண்டு நினைச்சால் இனிப்பு வராது."

"அப்ப ஏமாத்துது."

"ஏமாத்தேல்லை. இனிக்கிறன் எண்டு அது சொல்லவே இல்லையே. நாங்கள்தான் எதிர்பாக்கிறம்."

மக்கீன் விரலை மடித்து மடித்து யோசித்தார். "நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்ச மாதிரியா?"

சிவமணி இன்னொரு மிடறு குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "தண்ணி குடிக்க முதல் ஒரு நேரம் இருக்குத்தானே. நெல்லிக்காயை விழுங்கியாச்சு, தண்ணி இன்னும் வாயில படேல்லை. அந்த நேரம்."

மக்கீன் கடலைப் பார்த்துக்கொண்டு, இல்லாத நெல்லிக்காயை மெல்ல விழுங்கினார். "ஆ," என்றார். "விளங்குது."

"எனக்கு விளங்கேல்ல," என்றார் றேமண்ட். "நானும் அதே போத்தல்லதான் குடிச்சேன். எனக்கு மட்டும் ஏன் கூசினது?"

அதுதான் சிவமணிக்கும் விளங்கவில்லை. ஒரே போத்தல், ஒரே குளிர். அவள் மேசையைப் பார்த்தாள். கிளாஸ்கள், ஜிஞ்சர் பியர், மஸ்கட் பெட்டி. பெட்டியில் ஒரு வரிசை முழுவதும் காலி.

"நீங்கள் மஸ்கட் திண்டிட்டோ குடிச்சனீங்கள்?"

"பின்ன? வந்த உடனே இவன்தானே வாயில திணிச்சான்."

"வீட்டுக்கு வந்தவனுக்கு முதல்ல இனிப்புக் குடுக்கிறது பிழையோ?" என்றார் தியாகராசா.

"பிழை எண்டு ஆர் சொன்னது? எங்கட கந்தோரில ருசி பாக்கிற ஆக்கள் வேலை முடியுமட்டும் ஒரு மிட்டாய் கூட வாயில போடமாட்டினம். இனிப்புத் திண்ட வாய்க்குத் தோடம்பழமே புளிக்கும். வாயைக் கொப்பளிச்சிட்டு, கணவாயில ஒண்டைத் திண்டிட்டுக் குடிச்சுப் பாருங்கோ, றேமண்ட் தம்பி. ஜிஞ்சர் பியர் விடாமல்."

றேமண்ட் எழும்பிப் போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார். மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கணவாய் ஒன்றைத் தின்றார். சிவமணி அவருக்குக் கொஞ்சம் ஊற்றினாள். அவர் குடித்தார். இன்னொரு கணவாய். இன்னொரு வாய்.

"மச்சான்," என்றார் மெதுவாக, "இது வேற சாமான்."

"அதே சாமான்தான்," என்றாள் சிவமணி.

"இல்ல அக்கா, இப்ப வேற. இப்ப ஜம்போலாப் பழத் தோலை உரிக்கிற மாதிரி ஒரு மணம் வருது. இன்னும் வைன் எண்டு சொல்ல மாட்டேன். எங்க அம்மா கேட்டா என்னைக் கொல்லுவா. ஆனா நல்லா இருக்கு."

"ஜம்போலாவா?" என்று மக்கீன் உடனே சிவமணியைப் பார்த்தார். "நீங்க அது செல்லல்லியே."

சிவமணி மணந்து பார்த்தாள். "ஓம். இருக்கு. தோலுக்கு உள்ள வெள்ளை இருக்கே, அந்தக் கைப்பு. கடைசியில வருது."

தன்னுடைய பல்கனியில், தன்னுடைய சிநேகிதர் இரண்டு பேரும் தன் மனைவி பக்கம் கதிரையைத் திருப்பிவிட்டு இருப்பதைத் தியாகராசா பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பதா, கேட்பதா என்று தெரியாத முகம். கடைசியில் கேட்கிற ஆசைதான் வென்றது.

"இஞ்ச, எனக்கும் கொஞ்சம் ஊத்தும்."

"வாயைக் கொப்பளிச்சனீங்களோ?"

"நான் மஸ்கட் தின்னேல்லை. எனக்குச் சீனி வருத்தம் எண்டு உமக்குத் தெரியாதோ?"

"அப்ப உங்களுக்கு ஏன் புளிச்சது?"

தியாகராசா ஜிஞ்சர் பியர் போத்தலின் லேபிளை நகத்தால் சுரண்டினார். "றேமண்ட் புளி எண்டான். எனக்கும் புளி மாதிரித்தான் இருந்தது."

மக்கீன் சிரித்தார். றேமண்டும் சிரித்தார். சிவமணி சிரிக்காமல் அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்தார், அவளைப் போலவே வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து. சத்தம் போட்டு உறிஞ்சவில்லை, அந்த அளவுக்கு இறங்க அவர் ஆயத்தமில்லை. ஆனால் கண்ணை மூடினார். சிவமணி அதைப் பார்த்தாள்.

"என்ன மாதிரி?" என்று கேட்டாள்.

"யோசிக்கிறன்."

"யோசியுங்கோ."

"காலமை நேரத்தோட கடலில முழுகிப்போட்டுக் கரைக்கு வந்து, துவாயால முகத்தைத் துடைக்க முதல்..." என்று தொடங்கி, தன் வாயிலிருந்து வந்த சொற்களுக்குத் தானே வெட்கப்பட்டது போல் நிறுத்தினார். "சும்மா, குளிர்ச்சியா இருக்கு எண்டு சொல்ல வந்தனான்."

"நீங்கள் எப்ப காலமை கடலில முழுகினீங்கள்?"

"முழுகினால் எண்டு சொல்லுறன்."

"இவனுக்கும் ஏறிட்டுது," என்றார் றேமண்ட்.

பிறகு கதை வைனை விட்டு எங்கெங்கோ போய், திரும்பத் திரும்ப வைனுக்கே வந்தது. நண்டோடு எப்படி இருக்கும் என்று றேமண்ட் கேட்டார். மிளகாய் கூடினால் எரியும், தேங்காய்ப் பால் விட்டால் சரிவரலாம் என்று சிவமணி சொன்னாள். பக்கோடாவோடு? பார்க்கலாம். சொதியோடு? அதைப் பற்றி அவளுக்கு நிச்சயமில்லை. குடிக்காத மக்கீன்தான் எல்லாரையும் விடக் கூடக் கேள்வி கேட்டார். சூடாகிப்போனால் என்ன செய்யும், ஐஸ் போட்டால் என்ன, இந்தப் புளி முந்திரிகைப் பழத்திலிருந்து வருகிறதா வேறு ஏதும் சேர்க்கிறார்களா என்று. தெரிந்ததற்கு அவள் பதில் சொன்னாள். தெரியாததற்கு, "சாம்பவியைக் கேக்கவேணும்" என்றாள். வெயில் சாய்ந்து பல்கனிக் கம்பிகளின் நிழல் மேசையில் விழுந்தது. கீழே யாரோ போயாத் தானத்துக்குப் போட்ட தன்சல் பந்தலில் சனங்களைக் கூப்பிட்டு ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி சிங்களத்தில் சனத்தை வரிசையில் நிற்கச் சொன்னது.

சிவமணிக்குத் தான் இன்னும் எழும்பவில்லை என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. முதுகு கதிரையில் முழுதாகச் சாய்ந்திருந்தது. பல்கனியிலிருந்து குசினி யன்னல் எப்படித் தெரியும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறாள். சின்ன யன்னல். புகை பிடித்த திரைச்சீலை. உள்ளே நிற்கிற ஆளை இங்கிருந்து காணவே முடியாது.

கடைசித் துண்டை றேமண்ட் எடுத்தார். பீங்கானில் மிளகாய்த் துண்டுகளும் கொஞ்சம் எண்ணெயும் மிஞ்சின. தியாகராசா பேச்சை நிறுத்தாமலே, பார்க்காமலே, வெறும் பீங்கானைத் தூக்கி யன்னல் பக்கம் நீட்டினார், எல்லாச் சனிக்கிழமையும் செய்கிற மாதிரி. யாரும் வாங்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் திரும்பிப் பார்த்து, அவள் எதிரில் இருப்பதைக் கண்டு, பீங்கானை மெல்ல அவள் பக்கம் கொண்டு வந்தார்.

"பைட்ஸ் முடிஞ்சுது, மணி."

றேமண்ட் கடலைப் பார்த்தார். மக்கீன் விசிறியைப் பார்த்தார். சிவமணி போத்தலைச் சரித்து, மிச்சமிருந்ததில் தனக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். கிளாஸின் வெளிப்பக்கம் உடனே பனித்தது. காலை நீட்டிச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மிடறு குடித்து, அது இறங்கும் வரை பொறுத்திருந்தாள்.

"மாவில பிரட்டின கணவாய் இன்னும் ஒரு தாச்சிக்குக் கிடக்கு, எண்ணெயைத் திருப்பிச் சூடாக்கினால் சரி," என்றாள். "ஆர் போய்ப் பொரிக்கப்போறது?"